பண்டிகைப் பட்டியலுக்கு நடுவே ஒரு வயல் சட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறப்புப் பக்கத்தில் பல நாட்டு அறுவடைத் திருநாள்களைப் பற்றி வெளியான கட்டுரையை வாசித்தேன். அதில் யூதர்களின் கூடாரப்பண்டிகை "அவர்களுடைய பொங்கல்" என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கப்பட்டிருந்தது. நிலம் தந்த விளைச்சலுக்காக நன்றி செலுத்தும் நாள் என்ற அளவில் அந்த வரியில் பிழையில்லை. ஆனால் யூதர்களின் பண்டிகைகளை வேளாண் சட்டங்களிலிருந்து பிரித்துவிட்டால் எஞ்சுவது விருந்தும் அலங்காரமும் மட்டுமே. விளைச்சலில் எந்தப் பங்கு யாருக்கு உரியது, அது எந்த நாளில் உரியதாகிறது என்ற கேள்விகளுக்கான விடைகளாகவே அந்தப் பண்டிகைகள் பெருமளவுக்கு அமைந்திருக்கின்றன. வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதாலோ என்னவோ, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்த நாளிலிருந்தே விவிலியத்தின் இந்தப் பகுதிதான் என்னை அதிகம் ஈர்த்து வந்திருக்கிறது. நான் கிறிஸ்தவன் அல்லன், யூத சமய அறிஞனும் அல்லன். வாசித்து அறிந்ததைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் லேவியராகமத்தின் 23-ஆம் அதிகாரம் பண்டிகைகளின் பட்டியல். ஓய்வுநாள், எகிப்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பஸ்கா, புளிப்பில்லாத அப்பப்பண்டிகை, முதற்பலனாகிய கதிர்க்கட்டு, வாரங்களின் பண்டிகை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஏழாம் மாதத்துப் பண்டிகைகளுக்குப் போவதற்கு முன் 22-ஆம் வசனத்தில் திடீரென்று வேறொன்று பேசப்படுகிறது. நிலத்தை அறுக்கும்போது வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காதே, சிந்திய கதிர்களைப் பொறுக்காதே, அவற்றை எளியவனுக்கும் வேற்று நாட்டவனாகிய பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது அந்த வசனம். அது முடிந்ததும் எக்காளம் ஊதும் நாள், பாவநிவிர்த்தி நாள், கூடாரப்பண்டிகை என்று பட்டியல் தொடர்கிறது. இதே கட்டளை நான்கு அதிகாரங்களுக்கு முன் 19-ஆம் அதிகாரத்திலேயே சொல்லப்பட்டுவிட்டது. பண்டிகைப் பட்டியலின் நடுவில் அதை மறுபடி வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று பழைய உரையாசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். ஏழைக்கு உரியதை விட்டுக்கொடுத்தவன் கோயிலைக் கட்டி அதில் பலி செலுத்தியவனுக்கு ஒப்பானவன் என்பது அவர்கள் தந்த விடைகளுள் ஒன்று. என்னைப் பொறுத்தவரை, இந்த ஒரு வசனம் நிற்கும் இடத்தைக் கவனித்தாலே மற்றவை எல்லாம் விளங்கத் தொடங்கும்.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். யூதர்களின் மாதம் நிலவைக் கொண்டு எண்ணப்படுவது. பன்னிரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாள்கள்தாம் ஆகின்றன. அப்படியே விட்டால் பண்டிகைகள் ஆண்டுக்குப் பதினொரு நாள் பின்னோக்கி நகர்ந்து, சில ஆண்டுகளில் பஸ்கா குளிர்காலத்துக்குப் போய்விடும். ஆனால் பஸ்காவின் மறுநாளில் முதல் வாற்கோதுமைக் கதிர்களைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கட்டளை. கதிர் முற்றாமல் அந்தக் கட்டளையை நிறைவேற்ற முடியாது. ஆகவே பழைய நாளில் எருசலேமின் நீதிமன்றத்தார் மூன்று காரியங்களைக் கவனித்தார்கள்: வாற்கோதுமை எந்த நிலையில் இருக்கிறது, மரங்களின் கனிகள் எந்த அளவில் இருக்கின்றன, பகலும் இரவும் சமமாகும் நாள் எப்போது வருகிறது. பயிர் பிந்தியிருந்தால் பஸ்கா மாதத்துக்கு முந்தியதான ஆதார் மாதத்தைத் தொடர்ந்து இன்னொரு மாதத்தைச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் 19 ஆண்டுகளுக்கு 7 மாதங்களைக் கூட்டுவது என்ற நிலையான கணக்கு வந்தது. இன்றுவரை அதுவே நடைமுறை. பயிருக்காகப் பஞ்சாங்கம் காத்திருந்த முறை இது.

நம் பக்கத்து நிலவரத்தை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம். தைப்பொங்கல் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவதால் நாள் மாறுவதில்லை, பிசானமோ மழைக்கும் அணை திறப்புக்கும் ஏற்ப முன்பின்னாகிறது. வடகிழக்குப் பருவமழை பிந்தி நடவு தள்ளிப்போன ஆண்டுகளில் பொங்கலன்று வயலில் நிற்பது பச்சைப் பயிர்தான். அறுவடை மாசியிலோ பங்குனியிலோ நடக்கிறது. இதில் குறை காண எதுவுமில்லை. பொங்கல் சூரியனுக்கு உரிய நாளாகவும் இருப்பதால் அது தன் தேதியில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றென்று சொல்லும்போது இந்த அடிப்படை வேறுபாடு மறைந்துபோகிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

வாற்கோதுமைக் கதிர்க்கட்டு செலுத்தப்படும் வரையில் புதிய தானியத்தை எவரும் உண்ணக் கூடாது. அந்த நாளிலிருந்து நாற்பத்தொன்பது நாள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணி, ஐம்பதாம் நாளில் வாரங்களின் பண்டிகையைக் கொண்டாடுவார்கள். அன்று கோதுமை மாவினால் செய்த, புளித்த இரண்டு அப்பங்கள் கோயிலில் படைக்கப்பட்டன. வாற்கோதுமை அறுப்பில் தொடங்கிக் கோதுமை அறுப்பில் முடியும் இந்த இடைவெளிதான் ரூத் சரித்திரத்தின் காலமும். பெத்லகேமில் போவாசின் வயலில் மோவாபியப் பெண்ணாகிய ரூத் கதிர் பொறுக்குகிறாள். அந்தச் சரித்திரத்தை வாரங்களின் பண்டிகையில் ஜெபஆலயங்களில் வாசிப்பது வழக்கம். முன்னே சொன்ன 22-ஆம் வசனம் வேற்று நாட்டு விதவை ஒருத்தியின் வாழ்வில் எப்படிச் செயற்பட்டது என்பதைப் பண்டிகை நாளிலேயே கேட்கும்படி வைத்திருக்கிறார்கள்.

வயலின் ஓரத்தை விடுவது பற்றிய விதிகளுக்கு, யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் தனிப் பகுதியே உண்டு. ஓரத்துக்கு அளவு எதுவும் சட்டத்தில் கூறப்படவில்லை, ஆயினும் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பிற்காலத்து ஆசிரியர்கள் வரையறுத்தார்கள். அறுக்கும் கையிலிருந்து ஒன்றோ இரண்டோ கதிர்கள் சிந்தினால் அவை ஏழைக்கு உரியவை, மூன்று சேர்ந்து விழுந்தால் உடையவனுக்கு உரியவை என்பது ஹில்லேல் என்ற ஆசானின் வழியினருடைய தீர்ப்பு. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்த பழங்களும் சரியாகத் திரளாத சிறு குலைகளும் எளியவருக்கே. வயலின் ஓரத்தில் பொறுக்குவதற்குக் காலை, நண்பகல், பிற்பகல் என்று நாளில் மூன்று வேளைகள் ஒதுக்கப்பட்டன. காலை பாலூட்டும் தாய்மாருக்கும், நண்பகல் சிறுவர்களுக்கும், பிற்பகல் முதியோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. இவை எல்லாவற்றிலும் முதன்மையானது வேறொரு விதி: பொறுக்க வருகிறவர்களுள் ஒருவரை அனுமதித்து இன்னொருவரைத் தடுக்கிறவனும், அவர்களில் ஒருவருக்கு மட்டும் கைகொடுத்து உதவுகிறவனும் ஏழையைக் கொள்ளையிடுகிறவன் என்று மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவன் தனக்குப் பிடித்தவருக்குக் கொடுத்துப் பெயர் வாங்கிக்கொள்ள இங்கே வழியில்லை, ஏனென்றால் சிந்திய கதிர் சிந்திய நொடியிலேயே அவனுடையதாக இல்லை.

நெல்லைச் சீமையில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், மடைக்காவலர் முதலியோருக்கு அவரவர் உரிமைப் பங்காகச் "சுதந்திரம்" என்று நெல் அளந்ததை எங்கள் தலைமுறை அறியும். அறுவடை முடிந்த வயலில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்கியதையும் பார்த்திருக்கிறோம். ஒப்பிடுவதானால் பொங்கலைவிட இவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் வேறுபாடும் தெளிவாகத் தெரியும். நம்முடைய களத்துப் பங்கு செய்த ஊழியத்துக்கான கூலி, சாதியோடு கட்டுண்டது. யாருக்கு எத்தனை மரக்கால் என்பதில் ஊரின் மேல்கீழ் அப்படியே தெரிந்தது. அதை இனிமையான பழைய வழக்கம் என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கதிர் பொறுக்குவதோ உடையவரின் மனத்தைப் பொறுத்திருந்தது. இன்று அறுவடை இயந்திரம் இறங்கியபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. யூதச் சட்டத்திலோ பொறுக்குகிறவர் எந்த ஊழியமும் செய்திருக்க வேண்டியதில்லை, தன் ஊரார் என்றும் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் எல்லா வயலிலும் எல்லாக் காலத்திலும் பிசகின்றி நடந்தது என்று நான் சொல்லவில்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டது என்பதே கவனத்துக்குரியது.

வாரங்களின் பண்டிகையிலிருந்து முதற்கனிகளைக் கொண்டுபோகும் காலம் தொடங்கும். மிஷ்னா அதை விவரிக்கும் பகுதியைப் போன்ற அழகான வேளாண் எழுத்தை நான் அதிகம் வாசித்ததில்லை. ஒருவன் தன் தோட்டத்தில் இறங்கி முதலில் பழுக்கத் தொடங்கிய அத்திப்பழத்தையோ திராட்சைக் குலையையோ மாதுளையையோ கண்டால், அதைக் கோரையால் கட்டி, இது முதற்கனி என்று சொல்லி வைக்க வேண்டும். கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சு என்ற ஏழு விளைபொருள்களுக்கே இந்தக் கடமை. சுற்றுவட்டாரத்து ஊரார் ஓர் ஊரில் கூடித் தெருவிலேயே இரவு தங்கி, விடியலில் புறப்படுவார்கள். கொம்பில் பொன் பூசி ஒலிவக் கிளையால் முடிசூட்டிய காளை முன்னே செல்ல, குழல் ஊதுகிறவர் கூடவே போவார். எருசலேமின் தொழிலாளர்கள் தங்கள் வேலையை நிறுத்தி எழுந்து நின்று, இன்ன ஊரைச் சேர்ந்த சகோதரரே, வருக என்று வரவேற்பார்கள். கோயில் மலையை அடைந்ததும் அகிரிப்பா என்ற யூத அரசனே ஆனாலும் கூடையைத் தன் தோளில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

அங்கே ஒவ்வொருவரும் உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் உள்ள அறிக்கையைச் சொல்ல வேண்டும்: எங்கள் முன்னோர் நாடற்று அலைந்தார்கள், எகிப்தில் அடிமைகளாயிருந்தார்கள், இப்போது இந்த நிலத்தின் முதற்பலனைக் கொண்டு வந்திருக்கிறேன் என்பது அதன் சாரம். முதலில், வாசிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே வாசித்தார்கள், தெரியாதவர்களுக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார். தெரியாதவர்கள் வெட்கப்பட்டு முதற்கனி கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்குமே சொல்லிக்கொடுப்பது என்று விதியை மாற்றினார்கள். செல்வந்தர் பொன், வெள்ளி பதித்த கூடைகளில் கொண்டுவந்தார்கள், ஏழைகள் தோல் உரித்த ஆற்றலரி (வில்லோ) கிளைகளால் பின்னிய கூடைகளில் கொண்டுவந்தார்கள் என்றும் மிஷ்னா மறைக்காமல் சொல்கிறது. அந்த அதிகாரத்தின்படி, இந்த மகிழ்ச்சியில் கோயில் பணிக்குரிய குலத்தவனாகிய லேவியனும் பரதேசியும் பங்குபெற வேண்டும்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்தின் கணக்கை நான் என் பழைய உத்தியோகக் கண்ணோடு பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏழு ஆண்டுச் சுற்றில் முதல், இரண்டாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில், லேவியருக்குரிய முதல் தசமபாகம் போக, இரண்டாவது தசமபாகம் ஒன்றை எடுத்து எருசலேமுக்குக் கொண்டுபோய் உண்ண வேண்டும். தொலைவு அதிகமானால் அதைப் பணமாக்கிக் கொண்டுபோய் அங்கே செலவிடலாம். அதாவது பண்டிகைக்குப் போகும் குடியானவனின் செலவைச் சட்டமே அவன் மகசூலிலிருந்து ஒதுக்கிவைத்தது. மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில் அந்த இரண்டாவது பங்கு ஏழைகளுக்குப் போனது. ஆகவே ஒரு கனி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பது பணமும் வயிறும் சம்பந்தப்பட்ட கேள்வி. மரங்களின் ஆண்டு குளிர்கால மாதமான ஷெவாத்தின் முதல் நாளில் பிறக்கிறது என்றார்கள் ஷம்மாய் என்ற ஆசானின் வழியினர், பதினைந்தாம் நாளில் என்றார்கள் ஹில்லேல் வழியினர். பின்னதே நிலைபெற்றது. ஜூலை முதல் நாளில் வருவாய்க் கணக்காண்டான பசலி பிறக்கிறது என்று நாங்கள் சாகுபடிக் கணக்கேடான அடங்கலைத் திருப்பியதைப் போன்ற ஒரு கணக்கு நாள் அது. அந்த நாளுக்குள் ஆண்டின் மழையில் பெரும்பகுதி பெய்துவிட்டது என்பது மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத் சொல்லும் காரணம். இன்றைக்கு அதே நாளில் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகள் மரக்கன்று நடுகிறார்கள். அந்த வழக்கம் 1890-இல் ஸிக்ரோன் யாக்கோவ் என்ற யூதக் குடியேற்ற ஊரில் ஓர் ஆசிரியர் தொடங்கியது. மரம் நடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது கணக்கு முடிக்கும் நாளாக இருந்தது என்று தெரிந்திருக்கும் என நினைத்துப் பார்த்ததுண்டு.

இனித் தங்கள் கட்டுரை ஒரே வரியில் முடித்த கூடாரப்பண்டிகைக்கு வருகிறேன். களத்திலும் ஆலையிலும் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தபின், ஏழாம் மாதமான திஷ்ரியின் பௌர்ணமியன்று தொடங்கி, தற்காலிகக் கூடாரங்களில் தங்கி ஏழு நாள் கொண்டாடப்படுவது அது. கூடாரத்தின் கூரை மண்ணில் முளைத்து, மண்ணிலிருந்து வெட்டப்பட்ட பொருளாக இருக்க வேண்டும். களத்திலும் ஆலையிலும் கழித்த வைக்கோலும் தண்டும் கூரைக்கு ஆகும் என்று தல்மூத் கூறுகிறது. கையில் ஏந்தும் நான்கு இனங்களில் ஒன்று விரியாத பேரீச்சங்குருத்தோலை. குருத்தோலை ஞாயிறன்று நம் ஊர்த் தெருக்களில் பவனி வருகிறவர்களுக்கு அதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று நாரத்தையின் உறவான ஒரு கனி. மற்றவை இரண்டும் நறுமணச் செடியின் கிளையும் ஆற்றோரத்து மரக்கிளையும்.

ஆனால் இந்தப் பண்டிகையின் உள்ளே இருப்பது மழையைப் பற்றிய கவலை. பஸ்காவில் தானியத்துக்கும், வாரங்களின் பண்டிகையில் மரக்கனிக்கும், கூடாரப்பண்டிகையில் தண்ணீருக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது என்கிறது மிஷ்னா. அந்த நாள்களில் எருசலேமின் சீலோவாம் குளத்திலிருந்து பொன் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு பலிபீடத்தில் ஊற்றினார்கள். யோவான் எழுதின சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில், தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று இயேசு சொல்வது இதே பண்டிகையின் கடைசி நாளில்தான். பண்டிகை முடியும் எட்டாம் நாளில் மழைக்கான வேண்டுதல் வாசிக்கப்படுகிறது. எனினும், மழையைத் தா என்று நாள்தோறும் கேட்பதை மேலும் பதினைந்து நாள் தள்ளி, அடுத்த மாதமான மார்ஹெஷ்வானின் ஏழாம் நாளில்தான் தொடங்குகிறார்கள். பண்டிகைக்கு வந்தவர்களுள் மிகத் தொலைவில் வாழ்பவர் யூப்ரடீஸ் ஆற்றங்கரைக்குத் திரும்பிச் சேரும் வரையில் வழியில் நனையக் கூடாது என்பதே காரணம். தன் வயல் காய்ந்துகிடக்கும்போது இன்னொருவர் பயணத்துக்காக மழையைக் கேட்காமல் பொறுத்திருக்கச் சொல்லும் விதியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இஸ்ரேலில் மழை ஐப்பசி முதல் பங்குனி வரையிலான குளிர்காலத்தில் பெய்வது. கூடாரப்பண்டிகை வருவது நம் புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ. தாமிரபரணிக் கரையில் கார் நெல்லை அறுத்துவிட்டு, பிசானத்துக்கு நாற்றங்கால் போடலாமா, வடகிழக்குப் பருவமழை வருமா, பாபநாசம் அணையில் எத்தனை அடி இருக்கிறது என்று பேசிக்கொண்டிருக்கும் வாரங்கள் அவை. ஒன்றை வாங்கிக் களத்தில் குவித்த கையோடு அடுத்ததைக் கேட்கும் அந்த மனநிலைதான் கூடாரப்பண்டிகைக்கு நெருங்கியது. தையில் பொங்கும் பானையோடு அதை இணைப்பது பருவத்தாலும் பொருந்தவில்லை.

ஏழாம் ஆண்டு ஓய்வைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டில் உழுவதும் விதைப்பதும் இல்லை. தானாக விளைந்தது எல்லாருக்கும் பொது. ஆண்டின் முடிவில் கடன்களும் தள்ளுபடியாகின்றன. அதற்கு அஞ்சிப் பணக்காரர் கடன் கொடுக்க மறுத்தபோது, கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் பத்திரம் ஒன்றை ஹில்லேல் ஏற்படுத்தினார். ஏழாம் ஆண்டு முடிந்து வரும் கூடாரப்பண்டிகையில் ஆண், பெண், பிள்ளை, பரதேசி எல்லாரையும் கூட்டி மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தை வாசிக்க வேண்டும். வேளாண் சுற்று பண்டிகையில் வந்து முடிவதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. 1889-இல் அந்த நிலத்தில் புதிதாகக் குடியேறிய யூத விவசாயிகள் பிழைக்க வழியின்றித் தவித்தபோது, நிலத்தை யூதரல்லாதவருக்குப் பெயரளவில் விற்றுப் பயிரிடும் ஏற்பாடு அனுமதிக்கப்பட்டது. அது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2021-22 ஓய்வு ஆண்டாக இருந்தது, அடுத்தது 2028 செப்டம்பரில் தொடங்கும். நம் பக்கத்தில் தண்ணீர் வராமல் கார் சாகுபடி இல்லாமற்போகும் ஆண்டிலும் நிலம் சும்மா கிடக்கிறது, ஆனால் அதில் கடனும் வட்டியும் ஓய்வதில்லை.

மலைக்கு அந்தப் புறம் கொச்சியில் 1568-இல் கட்டிய ஜெபஆலயம் இருக்கிறது. அங்கிருந்த யூதர்கள் பண்டிகைகளை எல்லாம் தவறாமல் கொண்டாடினார்கள், ஆனால் இந்த வேளாண் சட்டங்களில் பெரும்பாலானவை இஸ்ரேல் நிலத்தோடு கட்டப்பட்டவையாதலால் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1950-களில் அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய், பலர் நெவாத்திம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் குடியேறினார்கள். நூற்றாண்டுகளாகப் பண்டிகையாக மட்டும் இருந்தது அவர்களுக்கு மறுபடி வயலோடு சேர்ந்தது.

சட்டங்கள் யாவும் நமக்குப் பொருந்தும் என்று நான் எழுதவில்லை. திராட்சைத் தோட்டத்தில் வேறு விதையைக் கலந்து விதைக்கத் தடை, வயலில் இரு வகைத் தானியத்தைக் கலக்கத் தடை என்ற விதிகளைக் கேட்டால், பருத்தியோடு உளுந்தும் பாசியும் போட்டு மானாவாரியில் பிழைக்கும் கரிசல்காட்டுச் சம்சாரி சிரிப்பார், அது நியாயமும்கூட. ஆனால் நம் மாவட்டத்துத் திருச்சபைகள் பலவற்றில் அறுப்பின் பண்டிகை ஆண்டுதோறும் நடக்கிறது. வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் ஆட்டுக்குட்டியும் காணிக்கையாக வந்து ஏலம் போகின்றன, தொகை சபை நிதியில் சேர்கிறது. போட்டியில் ஒரு பூசணிக்காய் பல மடங்கு விலைக்குப் போவதும் உண்டு. அந்த ஏலத்தை நான் குறை சொல்லவில்லை, அதில் ஊர் கூடும் மகிழ்ச்சி இருக்கிறது. காணிக்கையில் ஒரு பங்கை ஏலத்துக்கு முன்பே ஒதுக்கி, கேட்டு வருகிறவர் யாராயினும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அது தாங்கள் வாசிக்கும் வேதத்துக்கு இன்னும் நெருங்கியதாக இருக்கும் என்று சபைப் பெரியவர்களிடம் தாழ்மையுடன் சொல்ல விரும்புகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த முறை அறுவடைத் திருநாள்களைப் பற்றிய பக்கம் வெளியிடும்போது, என்ன சமைத்தார்கள், எப்படி அலங்கரித்தார்கள் என்பதோடு, அந்த அறுவடையில் வயல் இல்லாதவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நெல்லைச் சீமையைப் பற்றி எழுதும்போது களத்துச் சுதந்திரம் குறித்து நினைவுள்ள முதியவர்கள் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களில் இன்னும் இருக்கிறார்கள். அளந்தவர்களிடம் மட்டும் கேட்காமல், பெற்றவர்களிடமும் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சேரன்மகாதேவி,
திருநெல்வேலி மாவட்டம்.